வாக்கெடுப்பில் மாட்டிக்கொண்ட கலியாணம்

"அப்ப, ஆட்கள் கூட இருக்கிறவன் கையைத் தூக்கினால் ஆட்கள் குறைஞ்சவன் வாயை மூடவேணும். அதைத்தானே தம்பி சொல்லுறியள்?"

"நான் எங்க சார் அப்படிச் சொன்னேன்? ஆளுக்கு ஒரு ஓட்டு, எல்லாருக்கும் ஒரே சட்டம். இதுல உங்களுக்கு எங்க குத்துது?"

"எங்க குத்தவேணுமோ அங்கதான் குத்துது."

இந்த இடத்தில் கௌரி வடைத்தட்டோடு இரண்டு பேருக்கும் நடுவில் போய் நின்றாள். ஒருவரும் எடுக்கவில்லை. உழுந்து வடை, சூடு ஆறாதது, அதையே எடுக்கவில்லை என்றால் நிலைமை எந்த அளவில் இருந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுக்காரி என்ற முறையில் கேசரி கிண்டப் போயிருந்த நான் அடுப்பை அணைத்துவிட்டு வாசற்பக்கமாக நகர்ந்தேன். வரவேற்பறை அங்கிருந்துதான் நன்றாகத் தெரியும்.

ஆக்லாந்தின் பிளாக்ஹவுஸ் பேயில் கௌரியின் கணவர் கதிர்காமநாதனைத் தெரியாத தமிழர் இல்லை. பெரிய கலவரத்துக்குப் பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து கிளம்பி, பல நாடு சுற்றி இங்கே வந்து, நகரசபையில் பொறியியலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மேடை கிடைத்தால் விடமாட்டார். ஐம்பத்தாறாம் ஆண்டுத் தனிச்சிங்களச் சட்டத்தில் தொடங்கினாரென்றால் எண்பத்துமூன்றுக் கலவரத்துக்கு வருவதற்குள் சோறு ஆறிவிடும். எதிரே சோபாவின் நுனியில் இருந்தவர் செல்வராஜ். திருச்சிப் பக்கம். மென்பொருள் கம்பனியில் பெரிய பதவி, மாசி என்ற புறநகரில் இரண்டு மாடி வீடு. அவருக்கு எதையும் ஒரு ஸ்லைடில் சொல்லி முடித்துவிட வேண்டும்.

இந்த இருவரும் அன்றைக்கு ஒரு அறையில் இருந்தது அரசியல் கதைக்க அல்ல. கதிர்காமநாதனின் மகன் அனுஷனுக்கும் செல்வராஜின் மகள் தேவதர்ஷினிக்கும் நாள் குறிப்பதற்கு. பையன் பிசியோதெரபிஸ்ட். அவன் கிளினிக் உள்ள கட்டடத்தின் கீழே இருக்கும் மருந்துக்கடையில் அவள் பார்மசிஸ்ட். மேலே அவன் கழுத்தைத் திருகி அனுப்புவான், கீழே அவள் வலிமாத்திரை கொடுப்பாள், அப்படித்தான் பழக்கம். பெற்றோருக்குத் தெரிவதற்கு ஒரு வருடம் முன்பே ஊருக்குத் தெரியும். யாழ்ப்பாணமும் திருச்சியும் சாதகம், சாப்பாடு, தாலிக்கொடியின் நிறை எல்லாவற்றிலும் ஒருவாறு ஒத்துப்போன பிறகு, கடைசியில் வந்து குறுக்கே நின்றது வைதாங்கி ஒப்பந்தம்.

விஷயம் இதுதான். 1840ஆம் ஆண்டு மாவோரித் தலைவர்களும் ஆங்கிலேய அரசும் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். இந்த நாட்டில் மாவோரிகளுக்கு என்ன இடம் என்று கேட்டால் எல்லோரும் அதைத்தான் காட்டுவார்கள். அதற்கு இனி இதுதான் அர்த்தம் என்று புதிதாக எழுதி, நாடு முழுக்கப் பொது வாக்கெடுப்புக்கு விடலாம் என்று ஒரு மசோதா பாராளுமன்றத்துக்கு வந்தது. அதை எதிர்த்து வடக்கிலிருந்து பெரிய நடைபயணம் கிளம்பி, துறைமுகப் பாலத்தைக் கடந்து போயிற்று. முழங்கால் வலியோடு கதிர்காமநாதன் அந்தப் பாலத்தில் நடந்தார். மகன் பிசியோ என்ற தைரியம். நடந்த படத்தைத் தமிழ்ச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவிலும் போட்டார். அதே காலை அதே பாலத்துக்கு இந்தப் பக்கம் நெரிசலில் காருக்குள் இருந்தபடி, முக்கியமான கூட்டம் ஒன்றைத் தவறவிட்டவர் செல்வராஜ். படத்தை அவர் பார்த்தது காருக்குள்ளிருந்துதான்.

ஆகவே பேச்சு எப்படியும் வந்திருக்கும். வந்தது. கதிர்காமநாதன் தமிழ்நாட்டு இட ஒதுக்கீட்டை இழுத்தார். உங்கட ஊரில் இனிக்கிறது இங்கே வந்தால் கசக்குதோ என்று கேட்டார். செல்வராஜுக்கு முகம் சிவந்தது. உங்க சங்கத்துல மட்டும் முதல்ல வந்த குடும்பங்களுக்கு முன்வரிசை நாற்காலி எழுதி வச்சிருக்கீங்களே, நீங்க என்ன இந்த ஊர்ப் பூர்வகுடியா என்று அவர் திருப்பிக் கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நானும் அந்த முன்வரிசைக்காரிதான்.

"கண்மணி, கிளம்பு," என்றார் செல்வராஜ் மனைவியிடம்.

மாற்றுவதற்குக் கொண்டுவந்த பழத்தட்டும் புடவைத்தட்டும் வந்த வழியே காரின் டிக்கிக்குள் போயின. கண்மணி போகிறபோது கௌரியின் கையைப் பிடித்து, "அக்கா, மனசுல வச்சுக்காதீங்க," என்றாள். பிள்ளைகள் இரண்டும் வாசலில் நின்று இங்கிலீஷில் ஏதோ சொல்லின. மரியாதையான சொல்லாகத் தெரியவில்லை.

மற்ற வீடென்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் ரெஜிஸ்டர் ஒப்பீசில் கையெழுத்தைப் போட்டுவிட்டு வந்து நிற்கும். தேவதர்ஷினி அதற்கு மாட்டாள். அப்பா முன்னால் நிற்காமல் தாலி ஏறாது என்று அனுஷனிடம் சொல்லிவிட்டாள். அதோடு, கடலுக்கு அப்பால் பெர்த் நகரில் ஒரு ஆஸ்பத்திரியில் அவளுக்கு நல்ல வேலை வந்திருந்தது. ஜனவரி முடிவதற்குள் பதில் சொல்லவேண்டும். இங்கே ஒன்றும் சரிவராவிட்டால் போய்விடுவதாக இருந்தாள். அப்படியென்றால் அனுஷனும் பின்னாலேயே போவான், இல்லாவிட்டால் இங்கே தாடி வளர்ப்பான். கௌரி வேலிக்கு மேலால் இதை என்னிடம் சொன்னபோது கையில் கறிவேப்பிலைக் கொத்து இருந்தது. பேசி முடிப்பதற்குள் அதில் ஒரு இலையும் மிஞ்சவில்லை.

இந்த லட்சணத்தில் பொங்கல் விழா வந்தது. விழா என்றால் பட்டிமன்றம். எங்கள் பட்டிமன்றத்துக்கு நிரந்தர நடுவர், மவுண்ட் ரோஸ்கில் பகுதியில் இருக்கும் ரங்கநாதன். எந்தத் தலைப்பைக் கொடுத்தாலும் இரண்டும் தேவை என்று தீர்ப்புச் சொல்லக்கூடியவர். ஒரு வருடம் 'உடலுக்கு நல்லது நடையா, நித்திரையா' என்பதற்கும் அதையே சொன்னார். இந்த வருடத் தலைப்பு, 'நாட்டுக்கு நல்லது பொது வாக்கெடுப்பா, பழைய ஒப்பந்தமா?' இரண்டு அணித்தலைவர்களின் படங்களும் சண்டைக்கு முன்பே போஸ்டரில் ஏறிவிட்டன. யார் என்று சொல்லத் தேவையில்லை. பின்வாங்கினால் பயந்துவிட்டான் என்று மற்றவர் சொல்லுவார் என்பதால் இருவரும் பின்வாங்கவில்லை.

ரங்கநாதனிடம் ஒரு வழக்கம் உண்டு. யார் எந்தப் பக்கம் பேசுவது என்று அவரவர் விருப்பத்துக்கு விடமாட்டார், சீட்டுக் குலுக்குவார். விட்டால் எல்லோரும் கைதட்டு விழும் பக்கமே போய் நிற்பார்கள் என்பது அவர் அனுபவம். செயற்குழுவின் முன்னால் பிளாஸ்டிக் டப்பாவைக் குலுக்கினார். கதிர்காமநாதனுக்கு வந்தது வாக்கெடுப்பு. செல்வராஜுக்கு வந்தது ஒப்பந்தம்.

கதிர்காமநாதனின் முகத்தை அப்போது பார்த்திருக்கவேண்டும். மாற்றிப் போடச் சொல்லிக் கேட்டார். நடுவர் டப்பாவை மூடிவிட்டார். செல்வராஜ் போனில் 'வைதாங்கி' என்று தட்டித் தேடத் தொடங்கினார்.

இப்போது இருவருக்கும் ஒரே சிக்கல். தோற்கக்கூடாது. ஆனால் வெல்லவேண்டிய பக்கத்தைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் அதை எப்படிக் கிண்டல் செய்வது என்பது மட்டும்தான். அங்கேதான் பிள்ளைகள் மூளையைக் காட்டின. ஒரு பின்னேரம் தேவதர்ஷினியின் சின்னச் சிவப்புக் கார் எங்கள் தெருவில் வந்து நின்றது. அவள் நேரே பின்பக்க மரமேடைக்கு, டெக்குக்குப் போய்க் கதிர்காமநாதனின் முன்னால் உட்கார்ந்து, "அங்கிள், அப்பா சாப்பிடும்போது சொல்றது எல்லாம் எனக்கு மனப்பாடம். எழுதிக்கிறீங்களா?" என்றாள்.

எழுதிக்கொண்டார். அவருக்குக் கௌரவம் இடங்கொடுக்கவில்லை, ஆனால் தோல்வி அதைவிடக் கசப்பானது. அவள் அப்பாவின் வாதங்களை அதே ஒழுங்கில், அதே இருமலோடு சொன்னாள். இவர் நடுவில் நடுவில் கோபித்துக்கொண்டு எழும்பி மறுப்புச் சொல்ல, அவள் பொறுமையாக, இப்ப நீங்க இந்தப் பக்கம் அங்கிள் என்று உட்காரவைத்தாள். கௌரி இதுதான் சாட்டென்று ஒவ்வொரு நாளும் அவளுக்குப் புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் கொடுத்து அனுப்பினாள்.

அதே நேரம் அனுஷன் மாசியில். அவன் அப்பா வாழ்நாள் முழுக்கச் சொன்னதைச் செல்வராஜுக்கு அமைதியான குரலில் சொல்லிக்கொடுத்தான். ஒப்பந்தத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு பிரதி, மாவோரியில் ஒரு பிரதி, இரண்டும் ஒன்றையே சொல்லவில்லை, பெரும்பாலான தலைவர்கள் கையெழுத்து வைத்தது மாவோரிப் பிரதியில் என்று அவன் சொன்னபோது செல்வராஜ் பேனாவைக் கீழே வைத்துவிட்டாராம். இதை உங்கப்பா அன்னிக்கு ஏன் சொல்லல என்று கேட்டாராம். சொன்னார், ஆனால் கத்திக்கொண்டு சொன்னார் என்றானாம் பையன். கண்மணி எனக்குச் சொன்னது இது. அவளும் நானும் அதற்குள் போனில் நெருக்கமாகிவிட்டோம்.

இதைக் கேட்டு இரண்டு ஆண்களும் மனம் மாறிவிட்டார்கள் என்று நினைக்கவேண்டாம். ஒரு அங்குலம்கூட இல்லை. வாதத்தைக் கற்றுக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

விழா நாளன்று சமூக மண்டபம் நிறைந்து வழிந்தது. பிரதம விருந்தினராக அனுஷனின் கிளினிக் மேலாளர் ஹினே வந்திருந்தார். மாவோரிப் பெண்மணி. எல்லோரும் அவர்களைப் பற்றித்தானே கதைக்கிறோம், ஒருவராவது இருக்கட்டும் என்று கடைசி நேரத்தில்தான் செயற்குழுவுக்குத் தோன்றியது. சர்க்கரைப் பொங்கல் கிண்ணத்தோடு முன்வரிசையில், எனக்குப் பக்கத்தில் அமர்ந்தார்.

செல்வராஜ் முதலில் பேசினார். பாதி நேரம் புள்ளிவிவரம். பின்வரிசையில் ஆட்கள் போனை எடுக்கத் தொடங்கிய சமயம் அவர் தாளை மடித்து வைத்தார்.

"ரெண்டு பேர் உட்கார்ந்து ஒரு பத்திரம் போடுறாங்க. பல வருஷம் கழிச்சு, தெருவுல இருக்கிறவங்க எல்லாம் கையைத் தூக்கி அந்தப் பத்திரத்தை மாத்தி எழுதுறாங்க. அதை எடுத்துட்டுப் போய்க் குடுத்தா, எந்த பேங்க்ங்க மார்ட்கேஜ் தரும்?"

மண்டபத்தில் மார்ட்கேஜ் இல்லாதவர் யார்? கைதட்டல் அடங்க நேரமாயிற்று. எதிரணி நாற்காலியில் கதிர்காமநாதன் தன்னை மறந்து தட்டிவிட்டு, பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டார். நான் பார்த்தேன்.

அடுத்து அவர். ஐயோ, அந்தப் பேச்சு. ஆளுக்கு ஒரு வாக்கு என்று தொடங்கினார், ஒரே சட்டம் என்றார், குரலை ஏற்றினார், இறக்கினார், சபை அவர் கையில் இருந்தது. ஐம்பத்தாறைச் சொல்லி இத்தனை வருடத்தில் கிடைக்காத கைதட்டு அன்றைக்குக் கிடைத்தது. கிடைக்கக் கிடைக்க மனிதர் இன்னும் ஏறினார். ரங்கநாதன் மணி அடித்ததும் காதில் விழவில்லை. கௌரி சேலைத் தலைப்பால் பாதி முகத்தை மூடிக்கொண்டாள்.

"முன்னுக்கு வந்தவனுக்குத்தான் எப்பவும் முன்வரிசை எண்டால், பின்னுக்கு வந்தவன் பஸ்ஸிலயும் ஏறக்கூடாதே?" என்று முடித்தார்.

முன்வரிசையில் இருந்த நாங்களே எழும்பி நின்று தட்டினோம் என்றால் பாருங்கள்.

தீர்ப்பு, இரண்டும் தேவை. பிறகு ஹினேயைப் பேசக் கூப்பிட்டார்கள். இவ்வளவு நேரத்தில் தனக்கு விளங்கிய சொல் வைதாங்கி ஒன்றுதான் என்றார் அவர். தன்னுடைய ஆட்களும் கூடினால் இப்படித்தான், இதைவிட நீளமாக, ஆனால் கடைசியில் பாட்டுப் பாடிவிட்டுத்தான் சாப்பாடு என்றார். பிறகு, தங்களைப் பற்றிய இந்த விவாதத்தில் தங்கள் பக்கம் நின்று பேசியது யார் என்று கேட்டார். எல்லோரும் செல்வராஜைக் கைகாட்டினோம். ஹினே நேரே போய்ச் செல்வராஜின் கையைப் பிடித்து, மாவோரி முறையில் மூக்கோடு மூக்கு தொட்டு நன்றி சொன்னார். வாக்கெடுப்புக்கு ஆதரவாக மாசியில் வீடு வீடாகக் கதைத்துத் திரிந்த மனிதர், என்ன செய்வதென்று தெரியாமல் சிரித்துக்கொண்டு நின்றார். பாலத்தில் நடந்தவரை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அதுவரைக்கும் வேடிக்கைதான்.

யாரோ ஒரு புண்ணியவான் கதிர்காமநாதனின் பேச்சிலிருந்து ஒரு துண்டை வெட்டி வாட்ஸ்அப்பில் விட்டான். பட்டிமன்றம் என்றோ சீட்டு என்றோ அதில் ஒரு எழுத்து இல்லை. மனிதர் மேடையில் நின்று, பெரும்பான்மை வாக்குத்தான் இறுதி என்று முழங்குவது மட்டும். அது டொரண்டோவின் ஸ்காபரோவுக்குப் போயிற்று, லண்டனுக்குப் போயிற்று, சிட்னிக்குப் போயிற்று. அவரோடு பள்ளிக்கூடக் காலத்தில் கறுப்புக்கொடி பிடித்தவர்கள், ஒன்றாகச் சிறைக்குப் போனவர்கள், எல்லோரும் கேட்டார்கள். கதிர் விலைபோயிட்டான் என்று ஒருவர் எழுத, மற்றவர்கள் கட்டைவிரல் காட்டினார்கள். டொரண்டோவில் மே மாதம் நடக்கவிருந்த தமிழர் மாநாட்டில் இவர்தான் முதற்பேச்சாளர். அழைப்பைத் திருப்பி எடுத்துக்கொண்டார்கள்.

சீட்டு விழுந்தது என்று விளக்கிப் பார்த்தார். வீடியோவில் மாட்டுகிற எல்லோரும் இப்படித்தான் சொல்லுவார்கள் என்று பதில் வந்தது. மனிதர் போனை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு டெக்கில் போய் உட்கார்ந்துவிட்டார். கடைத்தெருவுக்குக்கூடப் போகவில்லை. கலியாணப் பேச்சை அவரிடம் எடுக்க யாருக்கு மனம் வரும்? தேவதர்ஷினி பெர்த்துக்கான மின்னஞ்சலைத் தட்டி வைத்துவிட்டாள். அனுப்புகிற பொத்தானை அழுத்துவதுதான் பாக்கி என்று அனுஷன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறான்.

கௌரி கண்மணிக்குச் சொன்னாள். கண்மணி இரவுச் சாப்பாட்டில் செல்வராஜுக்குச் சொன்னாள். முதலில் அவர் சிரித்தாராம், தட்டைத் தள்ளிவைத்துவிட்டுச் சிரித்தாராம். பிறகு சிரிப்பு நின்றதாம். அந்த ஆளைப் பார்த்து விலைபோனவர்னு சொன்னாங்களா என்று கேட்டாராம். கையைக் கழுவிவிட்டு, சங்கக் குழுவுக்கு ஒரு குரல்செய்தி போட்டார். என்னிடம் இன்னும் இருக்கிறது, அழிக்கவில்லை.

"வணக்கம். நான் ஆக்லாந்து மாசியிலேர்ந்து செல்வராஜ். அந்த வீடியோவுல கதிர்காமநாதன் சார் பேசினதுல ஒரு வரிகூட அவரோடது இல்ல. எல்லாம் என்னோடது. என் பொண்ணு திருடிட்டுப் போய்க் குடுத்தது. அவரு நிஜமா என்ன நினைக்கிறார்னு தெரியணும்னா என்னைக் கேளுங்க. அதைச் சொல்லித்தான் நிச்சயத் தட்டோட என்னை வீட்டை விட்டுக் கிளப்பினாரு. அவர் கருத்து தப்புன்னு நான் இன்னிக்கும் சொல்றேன். ஆனா என் சம்பந்தி விலைபோயிட்டார்னு யாராவது சொல்றதா இருந்தா, மாசிக்கு வந்து என் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும்."

அவராகத்தான் அன்றைக்கு எழும்பிப் போனார், யாரும் கிளப்பவில்லை. அது போகட்டும். அந்தச் செய்தியும் வீடியோ போன பாதையிலேயே போயிற்று. விடிவதற்குள் டொரண்டோவிலிருந்து பதில் வரத் தொடங்கியது. மாநாட்டு அழைப்பும் சத்தமில்லாமல் திரும்பி வந்தது. மன்னிப்பு கேட்டு ஒருவரும் எழுதவில்லை, எங்கட ஆட்களிடம் அந்தப் பழக்கம் குறைவு. எல்லோரும் எழுதியது வேறு. கதிர், மகனுக்குக் கலியாணமாமே? வாழ்த்துகள். சம்பந்தி நல்ல வாய்க்காரராக இருக்கிறார். எப்ப நாள்? டிக்கெட் போடவேணும். லண்டனில் மச்சாள்காரி, சேலை என்ன நிறத்தில் எடுப்பது என்று கௌரியைக் கேட்டாள். இனி இல்லை என்று சொல்லவேண்டுமென்றால் மூன்று கண்டத்துக்குச் சொல்லவேண்டும்.

கதிர்காமநாதன் டெக்கில் இருந்து அந்தக் குரலைத் திரும்பத் திரும்பக் கேட்டார். நான் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன், அதனால் நானும் கேட்டேன்.

"என்ர கருத்துப் பிழையெண்டு சொல்லுறார், பார்த்தனியே?" என்றார் கௌரியிடம்.

"ஓம். அதுக்குப் பிறகும் ஒண்டு சொன்னவர்," என்றாள் கௌரி.

கதிர்காமநாதன் போனை எடுத்து மாசிக்கு அழைத்தார். நாலு வீட்டுக்குக் கேட்கும் குரல் அன்றைக்கு வேலியைத் தாண்ட மறுத்தது. நான் ஒரு தலையணை உறையை இரண்டு தரம் காயப்போடவேண்டியதாயிற்று.

"சம்பந்தி," என்றார். "பத்திரத்தை மாத்தினால் வங்கி ஒத்துக்கொள்ளுமோ எண்டு கேட்டியளே. நல்ல பேச்சு. இத்தனை வருசத்தில எனக்கு அது வரேல்லை. டொரண்டோவில நான் அதைச் சொல்லலாமோ?"

போன் ஸ்பீக்கரில்தான் இருந்தது. மாசியில் ஒரு இருமல்.

"தாராளமா எடுத்துக்கங்க சார். சீர்வரிசையில சேர்த்துக்கங்க."

அந்த ஞாயிற்றுக்கிழமையே அவர்கள் மறுபடி வந்தார்கள். நானும் போனேன், கேசரி கிண்டவேண்டுமே. வைதாங்கி பற்றி வாயைத் திறந்தால் சாப்பாடு கிடையாது என்று கௌரியும் கண்மணியும் வாசலிலேயே சட்டம் போட்டுவிட்டார்கள். அதற்கு ஒரு வாக்கெடுப்பும் நடக்கவில்லை. தேவதர்ஷினி பெர்த் மின்னஞ்சலைத் திறந்து, 'வருகிறேன்' என்றிருந்ததை 'வரவில்லை' என்று மாற்றி எங்கள் முன்னாலேயே அனுப்பினாள்.

ஏப்ரலில் பாராளுமன்றம் அந்த மசோதாவைத் தோற்கடித்தது. கதிர்காமநாதன் தெருவெல்லாம் லட்டு கொடுத்தார், மாசிக்கும் ஒரு பெட்டி அனுப்பினார். லட்டைச் சாப்பிட்டுவிட்டு செல்வராஜ் கூப்பிட்டார். பாருங்க சம்பந்தி, அதையும் ஓட்டுப் போட்டுத்தான் முடிவு பண்ணியிருக்காங்க, மெஜாரிட்டி ஓட்டு என்றார். அதற்கு என்ன பதில் சொல்லலாம் என்று மனிதர் டொரண்டோ போகும் விமானத்திலும் யோசித்துக்கொண்டு போனதாகக் கௌரி சொன்னாள்.

ஆவணியில் கலியாணம் நடந்தது. ஹினே குடும்பத்தோடு வந்து, சாப்பாட்டுக்கு முன்னால் எழுந்து நின்று அவர்கள் வழக்கப்படி ஒரு பாட்டுப் பாடினார்கள். அதற்குப் பிறகுதான் இலை போடமுடிந்தது. ரங்கநாதன் மகளோடு இருக்கப் பிரிஸ்பேனுக்குப் போய்விட்டார். அங்கே பூர்வகுடிகளுக்கான வாக்கெடுப்பு முதலே நடந்து, தோற்று, எல்லோரும் கோபித்துக்கொண்டு முடிந்துவிட்டதால், பட்டிமன்றத்துக்கு வேறு தலைப்புத் தேடுகிறாராம். இங்கே புது நடுவர் யார் என்பதில் இரண்டு சம்பந்திகளுக்கும் போட்டி.

பொடியன் பிளாக்ஹவுஸ் பேயில்தான் வீடு வாங்குவான் என்று கௌரி எண்ணியிருந்தாள், மாசியில் என்று கண்மணி. அவர்கள் வாங்கியது பக்குரங்காவில். நகரத்தின் மறு கோடி. இரண்டு வீட்டிலிருந்தும் மோட்டர்வே ஏறாமல் போகமுடியாது, சும்மா எட்டிப் பார்க்க முடியாது. இது மகா அநியாயம் என்பதில்தான் கதிர்காமநாதனும் செல்வராஜும் முதல்முறையாக ஒரே பக்கம் நிற்கிறார்கள்.